சேராது அண்ணனும் பதினோரு சாம்பல் பெட்டிகளும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் “சேராது” என்ற சொல்லை அவரைவிட அதிகம் சொன்ன மனிதர் இருந்ததில்லை. இனி இருக்கப்போவதும் இல்லை. காலையில் ஆபீஸ் படியேறும்போது ஆரம்பித்தால் மாலையில் கொமுட்டர் ரயிலைப் பிடிக்க இறங்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார். ஆறு வருஷம் அவரோடு ஒரே மாடியில் வேலை பார்த்தவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்தது. எங்களுக்கு அவர் சேராது அண்ணன். வரவேற்பில் இருந்த மலாய்க்காரப் பெண்கூட அவள் மொழியில் அண்ணன் என்று சேர்த்து “அபாங் சேராது” என்றுதான் கூப்பிடுவாள். அது அவருடைய குடும்பப் பெயர் என்றே அவள் கடைசிவரை நம்பினாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. பழைய அடுக்குமாடி வீடுகளுக்கு கேபிள் வழியாக இணையம் கொடுக்கும் சின்னக் கம்பெனி. இப்போது அது இல்லை. பெரிய கம்பெனிகள் ஃபைபர் இழுக்க வராத ஃப்ளாட்டுகள்தான் எங்கள் ராஜ்ஜியம். செராஸில் கொஞ்சம், சுங்கை பூலோவில் கொஞ்சம், கிள்ளானில் நிறைய. நான் வாடிக்கையாளர் சேவைப் பகுதியில் இருந்தேன். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்பது என் வேலை. பதினோரு மணிக்கு மேல் கீழேயிருந்து சாம்பார் வாசனை ஏறி வரும். அதற்குப் பிறகு கேட்கிற மன்னிப்பில் கொஞ்சம் பசியும் கலந்திருக்கும்.

அண்ணனின் வேலை பொருத்தம் பார்ப்பது. கல்யாணப் பொருத்தம் அல்ல. ஒவ்வொரு ஃப்ளாட்டின் கீழ்த்தளத்திலும் கம்பெனியின் இயந்திரம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மோடம் இருக்கும். இரண்டும் ஒரே கம்பியில் பேசிக்கொள்ள வேண்டும். மோடத்துக்குள் இருக்கும் மென்பொருளை நாங்கள் ஆபீஸிலிருந்தே கம்பி வழியாக அனுப்பி மாற்றுவோம். எந்த மோடத்துக்கு எந்த மென்பொருள் ஒத்துவரும், எது வராது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. ஒத்துவராததை அனுப்பிவிட்டால் அந்த வீட்டில் இணையம் நின்றுவிடும்.

இதற்காகவே பின்பக்கம் ஓர் அறையைப் பிடித்துவைத்திருந்தார். எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் என்னென்ன மோடம் இருக்கிறதோ அத்தனையிலும் ஒன்றிரண்டு அங்கே அலமாரிகளில் மினுக்கிக்கொண்டிருக்கும். புது மென்பொருள் வந்தால் அவற்றில் ஏற்றி ஏழு நாள் ஓடவிடுவார். மத்தியானச் சாப்பாட்டைக்கூட அந்த விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஏன் ஏழு நாள், இரண்டு நாள் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

“ரெண்டு நாளைக்கு எல்லாரும் நல்லவங்கதான் தங்கச்சி” என்றார். “ஏழாவது நாள் பாரு.”

அலமாரிக்கு வெளியேயும் அவர் தொழிலை விடவில்லை. பரோட்டா தின்ற கைக்கும் கீபோர்டுக்கும் சேராது. என் புதுச் செருப்புக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் மழைக்கும் சேராது. ஆபீஸுக்குக் காப்பி இயந்திரம் வாங்கியபோது, அதற்கும் நம் சுவர் பிளக்குக்கும் சேராது என்றார். யாரும் கேட்கவில்லை. முதல் கோப்பை நிரம்புவதற்குள் மாடி முழுவதும் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் பொருத்தம் பார்க்கிறவர் என்ற செய்தி எப்படியோ கீழே சாப்பாட்டுக் கடைவரை போய்விட்டது. ஒருநாள் அங்கே கல்லாவில் உட்காரும் ஆன்டி மஞ்சள் தடவிய இரண்டு ஜாதகங்களோடு மேலே வந்து அவர் முன்னால் வைத்தார். அண்ணன் மறுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பையன் எங்கே வேலை, பெண் எங்கே வேலை, ரெண்டு பேரும் பேசிக்கொள்கிறார்களா, பேச்சு நடுவில் நின்றுபோனால் யார் முதலில் திரும்பக் கூப்பிடுகிறார் என்று விசாரித்தார். பெண்தான் கூப்பிடுகிறாள் என்றார் ஆன்டி. எப்போதும் பெண்தானா என்று கேட்டார். ஆன்டி யோசித்துவிட்டு, இல்லை, போன வாரம் பையன் கூப்பிட்டான் என்றார். அப்படியென்றால் நடத்தலாம் என்று ஜாதகத்தைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கல்யாணத்தில் எங்கள் எல்லோருக்கும் முதல் பந்தி.

இன்னொரு விநோதமும் அவரிடம் இருந்தது. இந்தத் தொழிலில் மென்பொருள் மாற்றுவதை ஊர் தூங்கும்போது செய்வதுதான் வழக்கம். அண்ணன் மட்டும் காலை பத்து மணிக்குத்தான் செய்வேன் என்பார். எல்லோரும் தூங்கும்போது மோடம் நின்றால் நமக்கு யார் சொல்வார்கள், விழித்திருக்கும்போது நின்றால்தான் போன் பண்ணுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தப் போன்களையெல்லாம் எடுக்கிறவள் நான் என்பதால் அந்தக் கணக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

பிறகு புது மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை, சுறுசுறுப்பானவர், எங்களோடு கீழே இறங்கி வந்து வாழையிலையில் சாப்பிடுகிறவர். அவர் கொண்டுவந்த திட்டம் வைட்பேண்ட். அதுவரை ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருந்த இணையத்தை நான்கு தடத்தில் ஒரே நேரத்தில் ஓடவிடுவது. மாதப் பிறப்பிலிருந்து எல்லா வீட்டுக்கும் வேகம் கூடும் என்று விளம்பரமும் கொடுத்தாகிவிட்டது.

புது மென்பொருளை அண்ணன் வழக்கம்போல ஏழு நாள் ஓடவிட்டார். எல்லா மோடமும் தேறின, ஒரு வகையைத் தவிர. ரொட்டித் துண்டு கனத்தில் குள்ளமாக இருக்கும் ஒரு பழைய மோடம். நாங்கள் சாம்பல் பெட்டி என்போம். முதல் ஐந்து நாள் அது பறந்தது. ஆறாவது நாள் மூச்சு முட்டி நின்றது. அணைத்துப் போட்டால் அரை நாள் ஓடும், மறுபடி நிற்கும், அப்புறம் எழவே எழாது. பட்டியலைப் பார்த்தோம். பதினோரு வீடுகளில் சாம்பல் பெட்டி இன்னும் இருந்தது.

அண்ணன் மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் நாங்கள் கேட்டோம்.

“ரெண்டு வாரம் குடுங்க பாஸ். நானே வீடு வீடா போயி அந்தப் பெட்டியை மாத்திட்டு வரேன். அப்புறம் அனுப்பலாம்.”

“பதினோரு வீடுதானே அண்ணே. நின்னுச்சுன்னா போன் பண்ணுவாங்க, உடனே மாத்திக் குடுத்துடலாம். தேதி சொல்லியாச்சு லா.”

மென்பொருளை அனுப்பலாம் என்று சம்மதம் சொல்லும் தாளில் அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கோபப்படவில்லை, குரலும் உயரவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். வேறொருவர் கையெழுத்துப் போட்டார். நேரத்தை மட்டும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மென்பொருள் போனது.

அந்த வாரம் முழுவதும் திருவிழாதான். வேகம் கூடியதற்கு நன்றி சொல்ல நாலு பேர் போன் பண்ணினார்கள். என் ஆறு வருஷத்தில் நன்றி சொல்ல வந்த போன்கள் அவைதான். ஞாயிற்றுக்கிழமை சாம்பல் பெட்டிகள் வரிசையாக நின்றன. திங்கட்கிழமை முதல் புகார்கள் வந்தன. அண்ணன் தன் அலமாரியிலிருந்து வேறு மோடங்களைக் கழற்றிக் கழற்றி டெக்னிஷியன்களிடம் கொடுத்தனுப்பினார். வியாழக்கிழமைக்குள் போன் நின்றுவிட்டது. மேனேஜர் எல்லோருக்கும் பிரியாணி தப்பாவ் பண்ணி, பொட்டலம் பொட்டலமாக வரவழைத்தார்.

அண்ணன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அவருடைய திரையில் பத்து பச்சை, ஒரு சிவப்பு. “பத்து பேருதான் கூப்பிட்டிருக்காங்க” என்றார். ஊருக்குப் போயிருப்பார்கள் என்றார் மேனேஜர். இருக்கலாம் என்றார் அண்ணன். ஆனால் மறுநாள் அந்த வீட்டு எண்ணுக்கு அவரே போன் பண்ணினார். இரண்டு தடவை மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது. மறுபடி பண்ணினார், மறுபடி துண்டிப்பு. நான்கு தடவை அப்படி. சிலர் அப்படித்தான், முகத்தில் அடித்தமாதிரி வைத்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். ஆள் இல்லாத போன் அடித்துக்கொண்டே இருக்கும், வெட்டுவதற்கு ஒரு விரல் வேண்டுமே என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அந்த வீடு தெற்குக் கிள்ளானில். நானும் கிள்ளான்காரி. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், ஒரு பொம்பளை கூட வந்தால் கதவு திறப்பார்கள் என்று என்னையும் அழைத்தார். ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாதே என்றார். அலமாரியில் மிச்சமிருந்த நல்ல மோடம் ஒன்றை பாசாரில் காய்கறி வாங்கும் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்துவந்தார். பக்கத்தில் இருந்தவர் பையைப் பார்த்து, பழமா அங்கிள் என்று கேட்டார். இல்லை, மருந்து என்றார் அண்ணன்.

மூன்றாவது மாடி. அழைப்பு மணியை அழுத்தினேன், சத்தமே வரவில்லை. கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மறுபடி அழுத்தியபோது, ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பட்டியலில் சரஸ்வதி என்று இருந்தது. அப்புறம் நான் சரஸ் அக்கா என்றே கூப்பிட்டேன், அவருக்கு அது கேட்காது என்றாலும். அவர் தன் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார். பிறகு மேசையிலிருந்த நோட்டை எடுத்து மலாயில் எழுதினார். அவர் படித்த பள்ளியில் அந்த மொழிதான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இணையம் இல்லை. மூன்று தடவை புகார் கொடுத்தேன்.

கைப்பேசியை எடுத்துக் காட்டினார். எங்கள் இணையதளத்தில் இருக்கும் புகார் படிவத்தை அவர் ஞாயிறு, செவ்வாய், புதன் என்று மூன்று முறை நிரப்பியிருந்தார். படிவம் வந்தால் நாங்கள் போன் பண்ணி உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. நாங்களும் பண்ணியிருக்கிறோம். பேச முடியாதவர் வேறு என்ன செய்வார், துண்டித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பதில் போயிருந்தது. உங்கள் புகார் மூடப்பட்டது. காரணம், வாடிக்கையாளர் அழைப்பை ஏற்கவில்லை. கீழே, மூடிய ஊழியரின் பெயர்.

இரண்டாவது பதிலின் கீழே இருந்தது என் பெயர்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். ஒன்றுமே வரவில்லை. அன்று எத்தனையோ மூடினேன். அதில் இது ஒன்று. அண்ணன் திரையைப் படித்தார், என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து மோடத்தை எடுத்துச் சாம்பல் பெட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

சரஸ் அக்கா எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கணவர் ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருக்கும் காது கேட்காது. மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். தினமும் மாலை ஏழு மணிக்கு இருவரும் கணினியில் முகம் பார்த்துக் கையால் பேசிக்கொள்வார்கள். கைப்பேசியில் வருமே என்று எழுதிக் கேட்டேன். இந்தக் கட்டடத்துக்குள் சிக்னல் சரியில்லை, படம் நின்று நின்று வரும், கை பாதியில் உறைந்துவிட்டால் சொல் பாதியில் போய்விடும் என்று எழுதினார். எழுத்தில் பேசிக்கொள்ளலாமே என்று எழுதினேன். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். எழுதுகிறோம், ஆனால் எழுத்தில் அவர் சிரிக்க மாட்டார் என்று எழுதினார்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து பச்சையில் நின்றன. அண்ணன் அதோடு விடுகிறவரா? கணவரை இப்போதே கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டினார். அங்கே மாலை இடைவேளை நேரம். தொழிற்சாலைக் கேன்டீனிலிருந்து சீருடையோடு ஒருவர் திரையில் வந்தார். சரஸ் அக்காவின் கைகள் எழுந்தன. நான் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாகப் பேசிப் பார்த்ததில்லை. அந்த மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தோள்கள் குலுங்கச் சிரித்தார். ஆறு நாளாக என்ன சேர்த்துவைத்திருந்தாரோ அக்கா, தெரியவில்லை. அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் மோடத்தின் விளக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களுக்குக் குடிக்கச் சூடாக மைலோ கலக்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார் சரஸ் அக்கா.

அண்ணனின் வீடு காஜாங்கில், ரயிலில்தான் போக வேண்டும். ஸ்டேஷன்வரை கூட நடந்தேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததும், அந்தப் பெயர் என்னுடையது என்று சொன்னேன்.

“பார்த்தேன்” என்றார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். ரயில் ஒன்று வந்து போனது, அவர் ஏறவில்லை.

“நீ ரூல்ல இருக்கிறதைச் செஞ்சே. நான் என்ன செஞ்சேன் சொல்லு. கையெழுத்துப் போடல, அவ்ளோதான். போடாம உட்கார்ந்துட்டா நான் சுத்தம்னு நெனச்சிட்டேன். அந்தம்மா வீட்டுல பெட்டி நின்னுதானே போச்சு.”

அவரை அப்படி ஒடுங்கிப்போய் நான் பார்த்ததில்லை. அந்த ரெண்டு வாரத்தை மேனேஜரிடம் கேட்டிருக்கக் கூடாது, லீவு போட்டுப் பதினோரு வீட்டுக்கும் போயிருக்க வேண்டும் என்றார். நான் சமாதானம் சொல்ல முயன்றேன். எனக்கே ஒரு சமாதானம் தேவைப்பட்டதால் அது சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை அவர் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. ஏழு மணி, கைகள், கேன்டீன், எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, “அந்தம்மாவுக்கு இப்ப லைன் ஓடுதா அண்ணே?” என்று கேட்டார். ஓடுகிறது என்றார் அண்ணன். அன்று மதியத்துக்குள் படிவம் மாறியது. ‘என்னை அழைக்க வேண்டாம், எழுதித் தொடர்புகொள்ளுங்கள்’ என்று ஒரு கட்டம் சேர்ந்தது. மூன்று மொழியிலும் அந்த வரியை எழுதியவள் நான். அடுத்த வாரத்திலிருந்து, வாடிக்கையாளரிடம் பேசாமல் மூடிய புகார்களை அண்ணன் தினமும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மேனேஜரே உத்தரவு போட்டார்.

எனக்கு மட்டும் அது ஆறவில்லை. அடுத்த சனிக்கிழமை தனியாகத் தெற்குக் கிள்ளானுக்குப் போனேன். சரஸ் அக்காவின் நோட்டை வாங்கி, இரண்டாவது புகாரை மூடியது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். வருஷக்கணக்காக மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டவளுக்கு அந்த ஒரு வரியை இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அவர் படித்தார். பேனாவை வாங்கினார்.

தெரியும், என்று எழுதினார். அன்று உங்கள் கழுத்து அட்டையில் பெயர் இருந்தது.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றி அண்ணனிடம் சொன்னபோது, அவர் வழக்கமான சொல்லைச் சொல்லவில்லை. 

இரண்டு வருஷம் கழித்து ஃபைபர் எங்கள் ஃப்ளாட்டுகளுக்கும் வந்தது. கம்பெனி மூடியது. பின்பக்க அறையின் மோடங்களை ஒரு லோரியில் அள்ளிப் போட்டார்கள். அண்ணன் லோரிக்காரரிடம் எது கனம், எதை அடியில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நின்றார். மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போனார். நான் பத்திரிகைக்கு எழுத வந்தேன். கணவர் வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்டதாகச் சரஸ் அக்கா செய்தி அனுப்பியிருந்தார். இப்போது ஏழு மணிக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டேன். சண்டை என்று பதில் வந்தது.

அண்ணன் காஜாங்கில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். எங்கள் வீட்டு இணையத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை அவருக்குப் போன் பண்ணி, லைன் ரொம்ப மெதுவா இருக்கு அண்ணே, என்னன்னு பாருங்க என்கிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நில், எந்த விளக்கு எரிகிறது சொல் என்பார். நான் அடுப்படியில் நின்றுகொண்டே வாய்க்கு வந்த விளக்கைச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் பேசுவோம். நான் சொல்கிற விளக்குகளில் பாதி இந்தப் பெட்டியில் கிடையவே கிடையாது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. இதுவரை அவர் அதைச் சொன்னதில்லை.